அந்த மேசையை அப்புறப்படுத்தக் கோரி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மெத்தைக் கடைக்காரன் வணக்கம் சொல்லி எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் ஓர் உண்மையைச் சொல்வதற்காக எழுதும் கடிதத்தைப் பொய்யில் தொடங்க மனம் வரவில்லை. எனக்கு முதுகு வலி. மெத்தை விற்பவனுக்கு முதுகு வலி என்று வெளியே சொல்லவும் முடியாது. வியாபாரம் சுமார். நேற்று என் தங்கை கடைக்கு வந்து கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதை விட்டு இறங்கவில்லை. தாங்களும், தங்கள் வீட்டாரும், உதவி ஆசிரியரும், வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்க்கும் அந்தக் காவலாளியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கையின் கணவருக்கு, அதாவது உங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் வாராவாரம் எழுதி ஊரையே சிரிக்க வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் இரண்டு மாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்த மனிதருக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலுவலகத்தில் நினைவு அறை திறக்கிறீர்கள். நடுவில் ஒரு மேசை போட்டு, 'இந்த மேசையில் அமர்ந்துதான் அவர் எழுதினார்' என்று பக்கத்தில் ஓர் அட்டை வைத்து, மேசை மேல் போர்த்திய துணியை என் தங்கை கையால் விலக்கச் செய்யப்போகிறீர்கள் என்று அழைப்பிதழில் இருக்கிறது. ஐயா, அந்த மேசையை ஞாயிற்றுக்கிழமைக்குள் தயவுசெய்து அப்புறப்படுத்திவிடுங்கள். அதில் அவர் எழுதவில்லை. அதை அவர் பார்த்ததே இல்லை. நானே அதைப் பார்த்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கமாக எழுதத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் இருந்தார்.

உங்கள் உதவி ஆசிரியர் ஒரு வேனோடு என் தங்கை வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐயா எழுதிய மேசையை எடுத்துப்போக வந்திருப்பதாக அவர் மிகவும் பணிவாகச் சொன்னார். தங்கை விழித்தாள். மேசை உங்கள் அலுவலகத்தில்தானே இருக்கும், வியாழக்கிழமை தவறாமல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அங்கேதானே எழுத வருவார் என்றாள். இப்போது உதவி ஆசிரியர் விழித்தார். "இல்லம்மா, ஐயா வெள்ளிக்கிழமைதான் வருவார். வந்து நின்னுக்கிட்டு, மேல கூரையப் பார்த்தபடி மடமடன்னு சொல்லுவார், நாங்க டைப் பண்ணிக்குவோம். ஒரு வார்த்தை மாத்த மாட்டார். எல்லாம் வியாழக்கிழமையே வீட்ல எழுதி முடிச்சாச்சுன்னு சொல்லுவார்" என்றார். அப்படியானால் வியாழக்கிழமை பகல் முழுக்க ஒரு மனிதர் எங்கேதான் போனார் என்ற கேள்வி அந்தக் கூடத்தின் நடுவில் வந்து நின்றது. துக்கம் ஆறாத வீட்டில் அப்படி ஒரு கேள்வி நிற்கலாமா? என்னென்ன பதில் எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டும் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் பத்திரிகை நடத்துகிறவர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் கடையில்தான் வந்து எழுதுவார், மேசையும் என்னிடம்தான் இருக்கிறது, பாலிஷ் போட்டு அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"உன் கடையிலயா?" என்றாள் தங்கை. அவ்வளவுதான் கேட்டாள். பிறகு காலியாகாத என் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உதவி ஆசிரியர் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் சொன்னதில் பாதி உண்மை. வியாழக்கிழமை என் கடைக்குத்தான் வருவார். மேசைதான் கிடையாது. ஐயா, நாடு கொண்டாடிய அந்த எழுத்தை எல்லாம் என் மாப்பிள்ளை மல்லாந்து படுத்துக்கொண்டுதான் எழுதினார்.

பல வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மழைக்கு ஒதுங்கிக் கடைக்குள் வந்தார். வாடிக்கையாளர் போல எல்லா மெத்தையையும் ஒரு குத்துக் குத்திப் பார்த்துக்கொண்டே போனவர், ஸ்பிரிங் மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்த மறைவுக்குப் பின்னால், விற்காமல் கிடந்த ஓர் ஒற்றைக் கட்டிலில் சும்மா சாய்ந்து பார்த்தார். மழை விட்டும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் எழுந்து வந்து, "மச்சான், இந்த வாரக் கட்டுரை முடிஞ்சுது" என்றார். அன்றிலிருந்து அந்தக் கட்டில் அவருடையதாகிவிட்டது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து எழுதினால்தான் உழைப்பு என்பார்களாம், படுத்து எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சோம்பேறி என்பார்களாம்.

படுத்து எழுதும்போது பேனா மக்கர் பண்ணும், மை கீழே இறங்காது, அதனால் எப்போதும் பென்சில்தான். நீங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற தங்கமுலாம் பேனா ஏதோ சங்கம் பரிசாகக் கொடுத்தது, அதில் ஒரு நாளும் மை ஊற்றியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காகிதம் என்றால் முகத்தின் மேல் மடங்கி விழும் என்று என் கடையின் கேரண்டி கார்டை எடுத்துக்கொள்வார். அது தடித்த அட்டை, உள்ளங்கை அகலம், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு கார்டுக்கு ஒரு பத்தி. இடம் தீர்ந்தால் பத்தி தீர்ந்தது. அவருடைய பத்திகளின் இறுக்கத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் உங்கள் பத்திரிகையிலேயே அரைப் பக்கம் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை என்னிடம், அடுத்த முறை அச்சடிக்கும்போது கார்டைப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள் மச்சான், என் நடை கெட்டுப்போகும் என்று கேட்டுக்கொண்டார்.

இதனால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமா? அவர் எழுதிப் பிடிக்காமல் போட்ட கார்டுகளை என் விற்பனையாள் கவனிக்காமல் மெத்தையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவான். ஒரு முறை ஒரு நர்சம்மா கார்டை நீட்டிக்கொண்டு வந்து, இந்த நிபந்தனை எங்களுக்கும் பொருந்துமா என்று கேட்டார். பின்பக்கத்தைப் பார்த்தேன். 'மனிதன் விழித்திருக்கும்போது சொல்லும் பொய்களை எல்லாம் அவன் குறட்டை மறுத்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருந்தது. பொருந்தாது என்று சொல்லி வேறு கார்டு கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, பழையதையும் தரச் சொல்லி வாங்கிப்போனார், வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டுமாம். இன்னொரு முறை ஒரு புதுமணத் தம்பதி மறைவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் மெத்தையோட சேர்த்தியா?" என்று கேட்டார்கள். என் விற்பனையாளுக்கு மட்டும் அவரால் லாபம். பாருங்கள், காலையில் ஒருவர் சும்மா படுத்துப் பார்க்கிறேன் என்றார், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவான். மாப்பிள்ளையும் கார்டை மார்பில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடி லேசாகக் குறட்டை விட்டு ஒத்துழைப்பார்.

உங்கள் அலுவலகத்தில் ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மரியாதை இருக்கிறது, அதை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்து கிடக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "அங்க நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சிடறாங்க மச்சான். மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னாக்கூட சிரிக்கறாங்க. இங்கதான் யாரும் சிரிக்கறதில்ல" என்றார். உண்மைதான். நான் சிரிப்பு வராத ஆள். விலை சொல்லும்போது சிரித்தால் குறைக்கச் சொல்வார்கள் என்று சின்ன வயதிலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். மாப்பிள்ளை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் உடனே அடித்துவிடுவார். உங்களுக்குப் பிடித்தால் அது விளம்பரம் மச்சான் என்பார். இதைத் தெரிந்துகொண்டு, பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அதையும் கண்டுபிடித்தார். பொய் சொல்வது எனக்குத் தொழிலில் பழக்கம், ஆனால் அவர் முன்னால் மட்டும் சரக்கு எடுபடாது.

என்னையும் விட்டுவைத்தவர் இல்லை. 'என் மச்சானின் கடையில் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் உண்டு, தூக்கத்தைத் தவிர' என்று ஏழாம் பக்கத்தில் போட்டார். மறு வியாழக்கிழமை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டேன். அடுத்த வாரம் வருத்தம் தெரிவித்து எழுதினார்: 'மச்சான் மனம் புண்பட்டுவிட்டார். தூக்கத்துக்கும் உத்தரவாதம் உண்டாம். அவர் விலையைச் சொன்னதுமே பலர் கண்ணை மூடிவிடுகிறார்களாம்.' அதைப் படித்துவிட்டு நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் என்னைப் பார்க்க வந்தார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர் தலையணையாவது வாங்கிப்போனார்கள், அதனால் மன்னித்தேன்.

இப்படி இருக்க, மேசைக்கு எங்கே போவேன்? பக்கத்துத் தெருவில் பழைய மரச் சாமான் கடை வைத்திருப்பவரிடம் போய், எழுத்தாளர் ஒருவர் உபயோகித்த மாதிரி ஒரு மேசை வேண்டும் என்றேன். அவர் வியாபாரி, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "எந்த மாதிரி எழுத்தாளர்ணே? கஷ்டப்பட்டவரா, வசதியா வாழ்ந்தவரா?" என்று மட்டும் கேட்டார். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவர் என்றேன். அப்படியானால் ஒரு கால் ஆடினால் பொருத்தமாக இருக்கும் என்று ஒன்றைத் தேடி எடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, ஓர் ஓரத்தில் மை கொட்டி, இன்னோர் ஓரத்தில் சூடான டம்ளரை வைத்து எடுத்து வட்டம் போட்டு, தன் வேலையைத் தானே இரண்டடி தள்ளி நின்று ரசித்தார். மறுநாள் மேசையை எடுக்க வந்த உங்கள் உதவி ஆசிரியர் அந்த மைக்கறையைத் தொட்டுப் பார்த்தார். இது 'புகழைத் துடைப்பது யார்' கட்டுரை எழுதியபோது சிந்தியதாகத்தான் இருக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை பென்சிலால்தான் எழுதுவார் ஐயா என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்துவிட்டார், நான் எப்படிச் சொல்வேன்?

அன்றைக்குப் பிடித்தது உறுத்தல். சரக்கில் கலப்படம் செய்வது வேறு, செத்துப்போன மனிதர் பெயரில் கலப்படம் செய்வது வேறு. மேசைக்குப் பதிலாக அந்தக் கட்டிலையும் மெத்தையையுமே கொடுத்துவிடுவோம், சத்தியத்துக்கு உரியவர் போய்விட்டார், இனி யாருக்குப் பயம் என்று தீர்மானித்து மறைவுக்குப் பின்னால் போனேன். கட்டில் இருந்தது. பழைய மெத்தை இல்லை, உறை பிரிக்காத புதிது ஒன்று கிடந்தது. விற்பனையாளைக் கூப்பிட்டேன். "அத வித்தாச்சு முதலாளி. துக்கத்துக்கு நீங்க தங்கச்சி வீட்ல இருந்தப்போ. யார் கேட்டாலும் முதல்ல அத தள்ளி விடுன்னு நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க" என்றான். சொன்னவன் நான்தான். அவனை எப்படித் திட்டுவது? நடுவில் ஓர் ஆள் பள்ளம் விழுந்த மெத்தையை ஒருவர் தலையில் கட்டிய அவன் சாமர்த்தியத்துக்குச் சம்பள உயர்வு கேட்காமல் இருந்ததே பெரிது.

விலாசத்தைத் தேடிப் போனேன். வாங்கியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இரண்டாவது மாடியில் வீடு. நல்ல மனிதர். உள்ளே அழைத்துப்போய், எங்கே வேண்டுமானாலும் உட்காரச் சொன்னார், மெத்தை மேல் மட்டும் வேண்டாம் என்றார். மெத்தையில் ஒரு குறை இருப்பது தெரிந்தது, வேறு புதிது, கடையிலேயே உயர்ந்தது, மாற்றித் தருகிறேன் என்றேன். "குறையா? சார், ஆயுசு பூரா ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்து முதுகே போச்சு. பார்க்காத டாக்டர் இல்ல. இதுல படுத்த அன்னிக்கு, நடுவுல ஒரு பள்ளம் இருக்கே, அதுல முதுகு போய் உட்கார்ந்துச்சு பாருங்க, காலைல வீட்டுக்காரி வந்து மூச்சு இருக்கான்னு தொட்டுப் பார்த்தா" என்றார். இரண்டு புதிது தருகிறேன் என்றேன், தலையணை சேர்த்து என்றேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் பள்ளம் யாருடையது என்பதைச் சொன்னேன். பத்திரிகை படித்தால் தூக்கம் போய்விடுகிறது என்று படிப்பதை எப்போதோ விட்டுவிட்டாராம், பெயர் கேள்விப்பட்டதில்லையாம். நன்றாக எழுதுவாரா என்று கேட்டார். எனக்கு நினைவில் இருந்த ஒன்றைச் சொன்னேன்: 'அரசாங்க அலுவலகத்தில் வரிசை நகர்கிறது என்பது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை உள்ளவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இல்லாதவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள்.' டிரைவர் அதை ஒரு முறை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்த மனிதர் அல்லவா, சிரித்துச் சிரித்து இருமல் வந்து மனைவி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்போ நிச்சயமா தரமாட்டேன் சார்" என்றார்.

என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் அதிகம் இல்லை. தோற்றுப்போன நான் ஒரே ஒரு தடவை படுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அரை மனதாகச் சம்மதித்தார். இத்தனை வருடம் என் கடையில் கிடந்த மெத்தையில் அன்றுதான் முதல் முதலாகப் படுக்கிறேன். என் உடம்புக்கு அந்தப் பள்ளம் போதவில்லை. ஆனால் காலை நீட்டியபோது கீழே இரண்டு சின்னக் குழிகள் தட்டுப்பட்டன. முழங்காலை மடித்துக் குதிகாலை ஊன்றிக்கொண்டுதான் அவர் எழுதுவார். சட்டென்று எழுந்துவிட்டேன். டிரைவர் வேறு பக்கம் திரும்பி ஜன்னலைச் சாத்தினார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் மேசையைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன். அந்த டிரைவர் நல்லவர் என்றேன் அல்லவா, அதுதான் ஆபத்து. யாருடைய மெத்தை என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. விசாரித்துக்கொண்டு நேராக என் தங்கை வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் வாரா வாரம் கடையில படுத்துக்கிட்டிருந்த மெத்தையிலதாம்மா இப்ப நான் படுக்கறேன். ரொம்ப நல்லாத் தூங்கறேன். ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார்.

நேற்று வியாழக்கிழமை. கடை திறந்த கையோடு தங்கை வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். விற்பனையாளைப் பார்த்து, எந்தக் கட்டில் என்று கேட்டாள். மறைவுக்குப் பின்னால் போய், உறை பிரிக்காத புது மெத்தை போட்டிருந்த அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை கரகரவென்றது. நான் எதிரே நின்றேன்.

"நம்ம வீட்ல கட்டில் இல்லையாண்ணா?" என்றாள்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"நான் பேசிக்கிட்டே இருக்கேன்னுதானே இங்க ஓடி வந்தார்? வீட்ல எப்பவும் உம்முனு உட்கார்ந்திருப்பார். நான் என்ன சொன்னாலும் மூஞ்சில ஒண்ணும் இருக்காது. தொந்தரவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேனே."

ஐயா, எதற்கு மேசை, எது உண்மை என்பதெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோயிற்று. ஒரு பெண்பிள்ளை இத்தனை வருடக் குடித்தனத்தை ஒரு கட்டில் ஓரத்தில் வைத்து எடை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை உள்ளே நுழைந்ததும் அவர் எழுத ஆரம்பிக்க மாட்டார். முதலில் அந்தக் கட்டிலில் விழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கட்டில் கால் தரையில் தட்டுகிற அளவுக்கு உடம்பு குலுங்கச் சிரிப்பார். முதல் தடவை வலிப்பு வந்துவிட்டது என்று விற்பனையாள் ஓடினான். சிரித்து ஓய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்த வாரம் உங்கள் தங்கச்சி என்ன சொன்னாள் தெரியுமா மச்சான் என்று ஆரம்பிப்பார். பாராட்டு விழாக் கேடயத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, இதை யார் துடைப்பது என்று அவள் கேட்டதைத்தான் நீங்கள் எல்லோரும் 'புகழைத் துடைப்பது யார்' என்று கொண்டாடினீர்கள். குடையைத் தொலைத்துவிட்டு நனைந்து வந்த அன்று, குடையோடு நீங்களும் போய்விடாமல் வீடு தெரிந்து வந்தீர்களே என்று அவள் சொன்னதைச் சொல்லிவிட்டு மத்தியானம் வரை பென்சிலையே எடுக்கவில்லை.

வீட்டிலேயே சிரித்தால் என்ன என்று நான் ஒரு நாள் கேட்டதையும், அதற்கு அவர் சொன்னதையும் சொன்னேன். அவர் சொன்னது இது: "வீட்ல சிரிச்சா அவ உஷாராயிடுவா மச்சான். அடுத்த தடவை யோசிச்சுப் பேசுவா. யோசிச்சுப் பேசினா என்னை மாதிரி ஆயிடும்."

தங்கை பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலையை நீவிக்கொண்டிருந்தாள். "வாரம் முழுக்க அடக்கி வெச்சுக்கிட்டா இருந்தார்?" என்றாள். ஆமாம் என்றேன். "வேற எதுக்கெல்லாம் சிரிச்சார், சொல்லு" என்றாள். நினைவுக்கு வந்ததை எல்லாம் சொன்னேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள், நான் எழுந்திருக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் கிடையாது. சிலவற்றுக்கு அவள், இது நான் சொன்னதில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது என்றாள். சிலவற்றுக்கு, இதைவிட நன்றாகச் சொன்னேனே, அதை ஏன் விட்டார் என்று கோபித்துக்கொண்டாள். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவேதான் இந்தக் கடிதம். இவ்வளவும் தெரிந்த பிறகு அவளைக் கொண்டுவந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நிறுத்தி, நான் வாங்கிவந்த பொய்யின் மேலிருந்து துணியை விலக்கச் சொல்வது என்னால் ஆகாது. அந்தக் காரியத்துக்கு அவள் வர மாட்டாள். வற்புறுத்த நானும் போக மாட்டேன். மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விடுங்கள். வெறும் தரையாக இருந்தால் கூட உண்மையான தரை. அறை மொட்டையாகத் தெரியும் என்றால் ஒரு கட்டிலும் மெத்தையும் நானே இலவசமாகத் தருகிறேன். கடைப் பெயர் சிறிய எழுத்தில், ஓரமாக இருந்தால் போதும். மேசையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மரச் சாமான் கடைக்காரர் தயாராக இருக்கிறார், கறைக்குத் தனி விலை கிடைக்குமா என்று கேட்கிறார். உங்கள் உதவி ஆசிரியரிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் அழுதது மேசைக்காக இல்லை, அதனால் அது வீண் போகவில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஏழாம் பக்கத்தில் இப்போது யாரோ எழுதுகிறார்கள். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது, உட்கார்ந்து எழுதுகிறது போலிருக்கிறது. தங்கள் பத்திரிகை மென்மேலும் வளர வேண்டும், தங்கள் முதுகுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் கூறி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மெத்தைக் கடைக்காரன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் தங்கை வந்தாள், வாங்கி முழுவதும் படித்தாள். நான் வர மாட்டேன் என்று உன்னிடம் யார் சொன்னது என்று கேட்டாள். மேசையை எடுக்கக் கூடாதாம். "அவர் தொட்டே பார்க்காத மேசைக்கு முன்னாடி இத்தனை பெரிய மனுஷங்க கண் கலங்கி நிக்கப்போறாங்க. அவர் இருந்திருந்தா ரெண்டு வாரத்துக்கு எழுதியிருப்பார்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறாள், துணியை அவளேதான் விலக்குவாள். அட்டையை மட்டும் மாற்றிவிட வேண்டுமாம். வாசகம் அவளுடையது, கை வைக்க வேண்டாம்: 'இந்த மேசையில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்படிக்கு, அவர் மனைவி.' எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். போட்டோ பிடிப்பீர்கள் என்பதால் அன்றைக்கு அவள் கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டாளாம்.